பதினாலாம் அத்தியாயம்

வாசிக்க வேண்டிய ஐந்து சுயசரிதைகள் என்று ஒரு பட்டியல் எழுதி எங்கள் வாசகசாலைச் சுவரில் ஒட்டியவன் நான்தான். யாரும் கேட்கவில்லை. பென்ஷன் வாங்குகிறவனுக்குக் கை சும்மா இருக்காது. நடிகர், பாட்டுக்காரர், பந்து விளையாடினவர் என்று பேர் பெற்றவர்கள் எழுதினதில் எது தேறும், எது தேறாது என்று ஆளுக்கு இரண்டு வரி. முதலிடம் மலையாள நடிகை ஹேமாம்பிகாவின் 'முகம் கழுவிய பிறகு'. 'தன்னிடமே பொய் சொல்லாத ஒரு பெண்ணின் புத்தகம். வாசிக்க நேரமில்லாதவர்கள் ஒலிப்புத்தகமாகவாவது கேளுங்கள், அவரே வாசித்திருக்கிறார்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் நான் பாதிதான் வாசித்திருந்தேன். மீதிக்குப் பத்திரிகையில் வந்த மதிப்புரைகள் போதும் என்று இருந்துவிட்டேன். எத்தனையோ பேர் செய்கிற காரியம்தான். ஆனால் எல்லோருடைய பட்டியலையும் ஒச்சம்மாள் வந்து விசாரிப்பதில்லை.

ஆனி மாதம், மிதுன மழை அடித்துக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரியில் மழை நாளில் வேலியேற்றமும் சேர்ந்து கடல் தண்ணீர் ஏறி வந்தால் கால்வாய் எது, சந்து எது என்று கால் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வாசகசாலைப் படியில் வந்து நின்றாள். பஜார் ரோட்டில் சுக்குக் குடோனில் தரம் பிரிக்கிற வேலை. புருவத்தில் இரண்டு பக்கமும் சுக்குக்குப் பூசுகிற சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது.

"சாமி, ஹேமேச்சி பொஸ்தகம் வந்துருச்சாமே?"

"வந்து மூணு மாசமாறது. ஒனக்கு யார் சொன்னா?"

"ரோஜா சொன்னா. எங்கூடச் சுக்குப் பெறக்குறாளே, அவதான். நீங்க போர்டுல ஒட்டியிருக்கீகளாம், உள்ளத உள்ளபடி எழுதுன பொஸ்தகம்னு."

"ஆமா. புருஷன் அடிச்சது, பூட்டி வெச்சது ஒண்ணையும் மறைக்கலை."

"அப்ப என்னையப் பத்தியும் இருக்கும்ல சாமி?"

பாதிக்கு மேலே போகவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நெறையப் பேர் வரா அதுலே. நான் கவனிக்கலை" என்றேன்.

அவள் கதை எங்கள் சந்தில் தெரியாதவர் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ராமரைக் கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி வந்தவள், ஹேமாம்பிகா எறணாகுளத்தில் வீடு வைத்திருந்த காலத்தில் அங்கே ஒன்பது வருஷம் வேலைக்கு நின்றாள். தலை பின்னி விடுவது, கஞ்சி வைப்பது, ஷூட்டிங்குக்குப் பெட்டி தூக்குவது எல்லாம் அவள்தான். ஒரு நாள் கல் வைத்த வளையல் ஒன்று காணாமல் போய்விட்டது. ஒச்சம்மாள் எடுத்தாள் என்று சொல்லி விரட்டினார்கள். இது ஊர் சொல்லும் கதை.

ஒச்சம்மாள் சொல்லும் கதை வேறு. ஒலவக்கோட்டில் சுகமில்லாமல் கிடந்த தன் அம்மாவுக்குக் கொடுத்தனுப்ப ஹேமாம்பிகாதான் அந்த வளையலைக் கழற்றி இவள் கையில் தந்தாளாம். இவள்தான் ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாளாம். தயாரிப்பாளரான புருஷன் நகைப் பெட்டியைத் திறந்து பார்த்துக் கத்தியபோது ஹேமாம்பிகா வாய் குழறி இவள் பேரைச் சொல்லிவிட்டாள். அந்த ஆள் இவளைக் கன்னத்தில் அறைந்து வாசலில் தள்ளினான். மறுநாள் டிரைவரிடம் ஹேமாம்பிகா சொல்லியனுப்பினாள். 'கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. ஒரு நாள் எல்லாரும் கேட்கும்படி நானே உண்மையைச் சொல்வேன்.'

அதற்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஊர் நம்பாததை ஒச்சம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராமர் நம்பவில்லை, அதுதான் வினை. வளையலை அவள் தன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது அவர் கணக்கு. பஜாரில் மூட்டை தூக்கிவிட்டு, குடித்துவிட்டு வந்த சாயங்காலங்களில் "வளை எங்கேடி?" என்றுதான் ஆரம்பிப்பார். அடி விழுகிற சத்தம் என் மாடிவரை கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். இரண்டு வருஷத்துக்கு முன் மிளகு மூட்டை சரிந்து அவர் நடு முதுகு போன பிறகுதான் அடி நின்றது. கேள்வி நிற்கவில்லை.

"எம் மக மகாவ வாசிக்கச் சொல்லி அந்த ஆளு காதுல போடணும் சாமி. அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள் ஒச்சம்மாள்.

புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன். கொடுத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் வாசிப்பு. என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஓர் அறை, ஓர் அடுப்படி, வாசல் படியின் முதல் கல்வரை தண்ணீர். கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும் ஆகியிருந்தன. ராமர் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் வந்ததற்காக எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் பழையபடி சாய்ந்தார்.

மகா சுள்ளிக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இங்கே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து அவளுக்குத் தடுமாறும், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்கு இரண்டு எழுத்துமே கிடையாது. ரேஷன் கார்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, வாடகைப் பத்திரமோ, இந்த வீட்டுக்கு வந்த காகிதம் எல்லாவற்றையும் மகா மலையாளத்தில் பார்த்து வாயில் தமிழாக மாற்றித்தான் சொல்லுவாள். அன்றும் அப்படித்தான்.

"பதினாலாவது அத்தியாயம். இதுலதான் இருக்கு" என்று பக்கத்தைக் கண்டுபிடித்தாள். "'அந்நாள்களில் நகைப் பெட்டியோட சாவி அவரு அரையிலதான் கெடக்கும். நான் ஒரு மோதிரம் போடணும்னாலும் கேக்கணும். ஒரு தடவ...'"

நிறுத்தினாள்.

"என்னடி, வாசி" என்றாள் ஒச்சம்மாள்.

"தொண்ட வரளுதும்மா. வெள்ளம் கொண்டா."

ஒச்சம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். மகா குடித்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வாசித்தாள்.

"'ஒரு தடவ வளை காணோம்னு அவரு கேட்டாரு. நான் பயந்துபோயி, வேலைக்கு நின்ன ஒச்சம்மா மேல பழியப் போட்டேன். நெசத்துல அந்த வளைய நான்தான் எங்கம்மைக்குக் கொடுத்துவிட்டேன். ஒச்சம்மா ஒரு குண்டூசிகூட எடுத்தவ இல்ல. அவ கிட்ட நான் மாப்புக் கேக்குறேன்.'"

ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ராமர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "அந்தக் குண்டூசி வரிய இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

"'ஒரு குண்டூசிகூட எடுத்தவ இல்ல'" என்றாள் மகா.

"ம்."

சாப்பிட உட்கார்ந்தபோது ராமர் மத்தித் துண்டில் பெரியதை எடுத்து ஒச்சம்மாள் தட்டில் வைத்தார். இருபது வருஷத்தில் அந்த வீட்டில் நடக்காத காரியம் என்று மகா பிறகு சொன்னாள். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு புத்தகம் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செய்யுமா என்று நினைத்து நினைத்துப் பூரித்துப் போனேன். மடையன்.

மறுநாள் காலையில் ராமர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சாமி, அது போன்ல கேக்கவும் செய்யலாமாமே? நாள் பூரா சும்மா கெடக்கேன். மகாவோட பழைய போன்தான் இருக்கே, அதுல போட்டுத் தாங்க. எனக்கும் வாசிக்க வராது. ஆனா மலையாளம் கேட்டா அவ்வளவும் வெளங்கும். முப்பது வருஷம் பஜார்ல கெடந்தவன்."

போட்டுக் கொடுத்தேன். இருபது அத்தியாயம். எங்கே தொட்டால் ஓடும், எங்கே தொட்டால் நிற்கும், எந்த இலக்கத்தைத் தொட்டால் எந்த அத்தியாயம் வரும் என்று காட்டினேன். தலையணைப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒச்சம்மாள் நடையே மாறியிருந்தது. வேலைவிட்டு வரும்போது மீன் கழுவித் தயாராக இருந்ததாம். முதுகு ஒடிந்த மனுஷன் பலகையில் உட்கார்ந்து, மத்திக்குச் செதில் எடுத்து, தலை கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்டு வைத்திருந்தாராம். "ஒச்சம்மா, காலு நனஞ்சிருக்கு, மொதல்ல தொடச்சுக்கோ" என்று சொன்னாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. "எனக்கு என்னவோ பயமா இருக்கு சாமி, இம்புட்டு நல்லாப் பேசுறாரு" என்றாள்.

வியாழக்கிழமை அந்தப் பயம் குடோனில் வந்து நின்றது.

அங்கே மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டு. பதினெட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாக, முறத்தை மடியில் வைத்துச் சுக்கைப் பிரிப்பார்கள். தூசி மூக்கில் ஏறும், இடுப்பு கடுக்கும், தூக்கம் வரும். அதனால் ரோஜா தன் போனை ஒரு அலுமினியச் சருவத்துக்குள் நிறுத்தி எதையாவது ஓட விடுவாள். சருவம் சத்தத்தை வாங்கி எல்லோருக்கும் கொடுக்கும். ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் சமையல், ஒரு நாள் பிரசங்கம். நான்கு நாளாக ஒச்சம்மாள் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் ஆசை வந்திருந்தது.

"உன் சேச்சி உனக்கு மாப்புக் கேட்டதக் கேப்போம்டி. எத்தனாவது?" என்றாள் ரோஜா.

"பதினாலு" என்று சொன்னவள் ஒச்சம்மாள்தான்.

ஹேமாம்பிகாவின் குரல் சருவத்திலிருந்து வந்தது. நல்ல குரல் அது, மூன்று தலைமுறை அந்தக் குரலுக்கு மயங்கியிருக்கிறது. நகைப் பெட்டி, சாவி, மோதிரம் எல்லாம் மகா வாசித்தபடியே வந்தது. அதற்குப் பிறகு வந்தது வேறு. வளையலை எடுத்தது வீட்டில் வேலைக்கு நின்ற ஒச்சம்மா என்கிற தமிழத்தி. கேட்டவுடன் என் காலில் விழுந்து, அழுது, குற்றத்தை ஒத்துக்கொண்டாள். போலீஸில் கொடுக்கவேண்டும் என்று புருஷன் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். திருடியவளையும் மன்னிக்க முடியும் என்று அன்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.

ரோஜா நிறுத்தப் பார்த்தாள். விரலெல்லாம் சுண்ணாம்பு. தொட்டுத் தொட்டுப் பார்த்தாலும் போன் ஏற்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டாள், அப்போதும் இல்லை. மன்னிப்பைப் பற்றி ஹேமாம்பிகா இன்னும் ஒன்றரைப் பக்கம் பேசினாள். பதினெட்டுப் பேரும் குனிந்து சுக்குப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒச்சம்மாளும் பிரித்தாள்.

அவள் ஐந்து மணிக்கு நேரே வாசகசாலைக்கு வந்தாள். புத்தகத்தைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "மகாவ வரச் சொல்லுங்க சாமி. வீட்டுல வெச்சுப் பேச முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

மகா கடையிலிருந்து ஓடி வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்குடி மாத்தி வாசிச்சே?"

"அப்பா மொகத்தப் பாத்தேன்மா. அதுல இருந்தத வாசிச்சிருந்தா அவரு என்ன செஞ்சிருப்பாரு? எந்திரிக்க முடியாட்டியும் வாயி இருக்குல்ல?"

"அதுக்கு நீயே ஒண்ணு ஒண்டாக்கிச் சொல்லுவியா?"

"நீ எத்தன வருஷமாச் சொல்ற. அதத்தான் சொன்னேன். நானா ஒண்ணும் ஒண்டாக்கல."

"நான் குடோன் பூராச் சொல்லிட்டேனேடி!"

"ஒனக்கு எழுத்து தெரியாதுன்னு மட்டும்தான் நெனச்சேன். பொஸ்தகத்த மூடிட்டா தீந்துச்சுன்னு நெனச்சேன். அது போன்ல பேசும்னு எனக்குத் தோணலம்மா." மகா அழ ஆரம்பித்துவிட்டாள். இருபத்திநாலு வயதுப் பெண், வேலைக்குப் போகிற பெண், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒச்சம்மா, ராமருக்கு நான் அதைப் போன்லே போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

"எம்புட்டு ஆயிருக்கு?" என்றாள் ஒச்சம்மாள்.

"இன்னைக்குக் காலையில பாத்தேன். பத்தாவது ஓடிட்டிருந்துச்சு. நாளொண்ணுக்கு மூணு கேக்குறாரு. நாளைக்குச் சாயங்காலம் பதினாலு வந்துரும். நான் போயி டெலீட் பண்ணிரட்டுமா?" என்றாள் மகா.

"அழிச்சா? ரோஜா புருஷன் சாயாக்கடையில சொல்ல மாட்டானா? இந்தச் சந்துல எத்தன போன அழிப்ப?" ஒச்சம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள். அவ்வளவு களைப்பை ஒரு ஆளிடம் நான் பார்த்ததில்லை. "ஹேமேச்சி வாயால ஒரு வார்த்த வேணும். போன்லயே போதும். 'ராமரே, அவ எடுக்கல'ன்னு. சும்மாவா ஒம்பது வருஷம் தல பின்னி விட்டேன்?"

அதற்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. மறுநாள் நான்கு மணிக்கு போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் ஹேமாம்பிகா தன் புத்தகத்திலிருந்து வாசிப்பதாக எனக்கு அழைப்பு வந்திருந்தது. எழுதியதைப் பாராட்டினவன் அல்லவா.

ஒச்சம்மாள் அரை நாள் லீவு போட்டாள். மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். இறங்கும்போது ஒச்சம்மாள், "ஹேமேச்சிக்கு என்னைய அடையாளம் தெரியுமா?" என்றாள்.

ஹோட்டல் முற்றத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். மேலே தார்ப்பாயில் மழை சேர்ந்து தொங்கியது. ஒரு ஆள் அவ்வப்போது கம்பால் குத்தி அதை வெளியே கொட்டினான். ஹேமாம்பிகா வெள்ளைப் புடவையில், நரையை மறைக்காமல் உட்கார்ந்திருந்தாள். புருஷன் பூட்டி வைத்த அறையைப் பற்றி வாசித்தாள். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொய்யில்லை, நானும் துடைத்துக்கொண்டேன். அந்த அறை உண்மைதான். அதில் அவள் பட்டதும் உண்மை. அதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

வாசித்து முடிந்து ஆட்கள் சூழ்ந்தபோது ஒச்சம்மாள் ஓரமாகப் போய் நின்றாள். ஹேமாம்பிகா தலையைத் திருப்பினாள்.

"ஒச்சம்மே!"

ஓடி வந்துவிட்டாள். கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "இது ஆராணெந்நறியாமோ?" இது யார் தெரியுமா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "பதினாலாம் அத்தியாயத்திலே என்டெ ஒச்சம்மா!"

எல்லோருக்கும் ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கை தட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். "மன்னித்தது மட்டுமில்லை, மார்போடு அணைத்தாள்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். ஒச்சம்மாளின் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

அவளே கையைப் பிடித்து ஹேமாம்பிகாவை ஒரு தூணருகே இழுத்துப் போனாள். நானும் மகாவும் பின்னால் போனோம்.

"சேச்சி, நான் எடுக்கலயே. நீங்கதான கையில தந்தீக. ஒலவக்கோட்டுக்குப் போயி அம்மை கையில நான்தான கொடுத்துட்டு வந்தேன். சிவப்புத் துணியில சுத்தித் தந்தீக சேச்சி. அம்மை எனக்கு இட்லி வெச்சுக் கொடுத்தாக."

ஹேமாம்பிகா அவளை உற்றுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "அம்மைக்கோ? அம்மைக்கு ஞான் மணியார்டரல்லே அயச்சது?" அம்மாவுக்குத் தான் அனுப்பினது மணியார்டர்தானே என்கிறாள்.

"டிரைவருகிட்டச் சொல்லிவிட்டீகளே. ஒரு நாள் எல்லாருக்கும் முன்னாடி சொல்லுவேன்னு."

"ஒச்சம்மே, ஞான் அது எந்நே மறந்நு! நீ இன்னும் மனசுல போட்டு உருட்டண்டா. சாரமில்லா." தான் அதை எப்போதோ மறந்துவிட்டாளாம், பரவாயில்லையாம். அவள் ஒச்சம்மாளின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். கையில் ஒரு புத்தகத்தை எடுத்து, பேனாவைத் திறந்தாள். "உன் பேரு எழுதித் தரேன், ஆங்?"

அவள் நடித்தாளா, நிஜமாகவே மறந்துபோனாளா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நடிப்புக்குப் பரிசு வாங்கினவள், நான் பாங்கியில் செக் பாஸ் பண்ணினவன். பயத்தில் சொன்ன ஒரு பொய்யைப் புருஷனிடம் சொல்லி, பத்திரிகைக்காரரிடம் சொல்லி, சிநேகிதிகளிடம் சொல்லி, இருபத்திரண்டு வருஷத்தில் அதுவே அவளுக்கு நடந்ததாக ஆகியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் முகத்தில் பிரியம் தவிர வேறு எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"வேணாம் சேச்சி. எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள் ஒச்சம்மாள்.

திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தோம். மகா குடையை அம்மாவுக்குப் பிடித்தாள். ஒச்சம்மாள் அதற்குள் நிற்காமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"நான் சொல்றேன்மா அப்பா கிட்ட. நான்தான் மாத்தி வாசிச்சேன்னு. என்னைய ஏசட்டும்."

"நீ சும்மா இரு."

"பின்னே என்ன செய்யப் போற?"

"என்ன செய்ய. உள்ளதச் சொல்லிருவேன். பழையபடி கேட்டுட்டுக் கெடக்கட்டும். பழகுனதுதான்."

வீட்டில் விளக்கு எரிந்தது. ராமர் பெஞ்சில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். போன் மடியில் அணைந்து கிடந்தது. வாசலில் நான் நின்றுகொண்டேன், உள்ளே போக எனக்கு முகமில்லை. ஒச்சம்மாள் ஈரத்தோடு போய் அவர் எதிரில் நின்றாள்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மகா வாசிச்சது பொஸ்தகத்துல இல்ல. பொஸ்தகத்துல நான் எடுத்தேன்னுதான் இருக்கு. ஹேமேச்சியவும் போயிப் பாத்துட்டு வந்துட்டேன். அவளும் அதத்தான் சொல்றா."

"தெரியும்" என்றார் ராமர்.

மகா குடையை மடக்காமலே நின்றாள்.

"எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழமையே. சாமி போட்டுக் கொடுத்துட்டுப் போன ஒடனே மொதல்ல அந்தப் பதினாலத்தான் போட்டேன். கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அந்தம்மா வாயால, நீ எடுக்கலன்னு."

"கேட்டுட்டா மீன் கழுவி வெச்சே?"

"ம்."

"கேட்டுட்டா காலத் தொடச்சுக்கோன்னு சொன்னே?"

ராமர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுல என்ன சொல்லுது? கேட்ட ஒடனே நீ கால்ல விழுந்து அழுது ஒத்துக்கிட்டேன்னு சொல்லுது. இருபத்திரண்டு வருஷம் நான் கேட்டிருக்கேன். வாரால அடிச்சுக் கேட்டிருக்கேன். பல்லு ஒடஞ்சுச்சு, நீ ஒத்துக்கிடல. ஒரு நாளும் என் கால்ல விழுந்ததில்ல. அவ ஒரு வாட்டி கேட்டதுக்கா விழுந்திருப்பே? அந்தம்மா புளுகுறா. அது எனக்குத் தெரியாமப் போகுமா?"

ஒச்சம்மாள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரல் மட்டும் ஏறியது.

"அம்புட்டு நாளும் நான் சொன்னேன். அப்ப நம்பல. அவ பொய்யி சொன்னதுக்கப்புறந்தான் நம்புற."

அவர் போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார்.

"அவளுக்கு எழுத ஒரு பொஸ்தகம் இருந்துச்சு. அடிச்ச புருஷன் பேரப் போட்டு எழுதிட்டா. ஊரு கை தட்டுது. நான் வாங்குனத நான் எங்க போயி எழுத?"

மழை கொஞ்சம் விட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ டிவியை அணைத்தது கேட்டது. ராமர் வாசல் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். நான் இருட்டில் ஒதுங்கி நின்றும் கண்டுபிடித்துவிட்டார்.

"சாமி, நீங்க எழுதுறவுகதான? அவ சொல்லுவா. எழுதுங்க."

"ராமர், நான்…"

"அடிச்சவன் பேர மாத்தாமப் போடணும். மூட்ட தூக்குற ராமர்னே போடுங்க. நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டுங்க."

போட்டிருக்கிறேன்.